கவிழ்த்துப் பாருங்கள்: மும்பையில் பழைய கலைக்கண்ணாடி பழகிய அனுபவம்

மும்பை சோர் பஜாரில் பழைய கண்ணாடிச் சாமான் எதைக் கையில் எடுத்தாலும் கடைக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது 'பெல்ஜியம்'. பூ ஜாடி பெல்ஜியம், அத்தர் சீசா பெல்ஜியம், கூரையிலிருந்து தொங்கும் ஹண்டி விளக்கும் பெல்ஜியம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளிலும் இதே கதைதான். செட்டிநாட்டு வீடுகளின் பெருமையைச் சொல்கிறவர்கள் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று ஆரம்பித்து பெல்ஜியம் கண்ணாடியில் வந்து நிற்பார்கள். பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்திலிருந்து தகடு கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் ஏராளமாக வெளிநாடுகளுக்குப் போயின. 1826-ல் தொடங்கிய வால் சாங் லம்பேர் ஆலையின் பட்டை தீட்டிய சாமான்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் இன்றைய செக் நாட்டின் போஹீமியாவில் ஊதியதும், பர்மிங்காமில் பட்டை தீட்டியதும், உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் வார்த்ததும் இங்கே அதே ஒரு பெயரில்தான் விலை போகின்றன. வாங்கப் போகிறவர் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றால் கையில் இருக்கும் பொருளைப் பார்க்கவே முடியாது.

எனக்கு இதைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் பழைய சாமான் எடுத்து விற்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. மாதுங்கா, தாதர், கிர்காம் பகுதிகளில் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது, வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போகும் கதவு, ஜன்னல், பித்தளைக் கைப்பிடி, சுவிட்ச் போர்டு எல்லாம் அவர் கிடங்குக்கு வரும். கூடவே கண்ணாடியும் வரும். நான் செம்பூரில் இருக்கிறேன். ஒரு ஜன்னல் சட்டம் தேடிப் போன இடத்தில் அவர் ஒரு சிவப்புக் குடுவையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

அவர் சொன்ன முதல் பாடம் இது: "கடைக்காரங்க சொல்லுதத எல்லாம் அப்புறம் கேப்போம் தங்கச்சி. மொதல்ல கவுத்துப் பாருங்க."

ஏன் அடிப்பக்கம்? ஒரு கண்ணாடிப் பொருளை அழகாகக் காட்ட வேண்டிய பக்கங்களை எல்லாம் செய்தவர் மெருகேற்றிவிடுவார். அடியைத்தான் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விடுவார். அதனால் செய்முறையின் தடம் அங்கேதான் மிச்சமிருக்கும். ஊதிச் செய்யும் கண்ணாடி முதலில் ஊதுகுழலின் முனையில் இருக்கும். வாய்ப்பகுதியை வெட்டிச் சீராக்க வேண்டுமென்றால் அடியில் இன்னொரு இரும்புக் கம்பியை ஒட்டவைத்து, ஊதுகுழலைக் கழற்றிவிட வேண்டும். அந்தக் கம்பியைப் பான்டில் என்பார்கள். வேலை முடிந்ததும் லேசாக ஒரு தட்டு தட்டினால் பொருள் கம்பியிலிருந்து பிரிந்துவிடும். ஒட்டியிருந்த இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு தழும்பு நிற்கும். விரல் வைத்தால் சொரசொரப்பாக, சில சமயம் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். விலை கூடிய சாமான்களில் அதைச் சக்கரத்தில் தேய்த்து வழவழப்பான சிறு குழியாக்கிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அடியை இடுக்கி மாதிரியான பிடிப்பானில் பிடித்து வேலை செய்யும் முறையும் வந்துவிட்டது. அப்படிச் செய்ததில் தழும்பே இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, தழும்பு இருப்பது கையால் ஊதியதற்கு அடையாளமே தவிர வயதுக்கு அடையாளம் இல்லை. இன்றைக்கும் ஊதிச் செய்கிறார்கள், இன்றைக்கும் தழும்பு விழுகிறது. உள்ளே குமிழ் இருக்கிறது, ஆகவே நூறு வருஷப் பழசு என்று சொல்வதும் இப்படித்தான். குமிழ் நிறைந்த புதுக் கண்ணாடி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும்.

வயதைக் கொஞ்சமாவது சொல்லக்கூடியது தேய்மானம். மேஜையிலும் அலமாரியிலும் பல வருஷம் நின்ற பொருளின் அடிவிளிம்பில், தரையைத் தொடும் அந்த வளையத்தில் மட்டும், மெல்லிய கீறல்கள் பல திசையில், பல ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கி) ஒன்று போதும், தெளிவாகத் தெரியும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். தரையைத் தொடவே முடியாத உட்குழியிலும் கீறல் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்த நல்ல பழைய பொருளில் தேய்மானம் குறைவாக இருப்பதும் உண்டு. அதனால் இந்த ஒரு தடயத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அடிக்கு அப்புறம் பக்கங்கள். விரலை மெதுவாக மேலிருந்து கீழே ஓட்டினால் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் நூல் போல ஒரு மேடு தட்டுப்படும். அச்சில் அழுத்தி வார்க்கும் முறை 1820களில் அமெரிக்காவில் பரவியது. அதன்பின் பட்டை தீட்டிய விலையுயர்ந்த கண்ணாடியின் தோற்றம் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. நல்ல அச்சுக்காரர்கள் அந்த மேட்டை வேலைப்பாட்டின் கோடுகளுக்குள்ளேயே ஒளித்துவிடுவார்கள். பட்டை தீட்டியதா, அச்சில் வந்ததா என்று பிரிக்கக் கண்ணைவிட விரல் நுனி நல்லது. சக்கரத்தில் வெட்டிய பட்டையின் விளிம்பு கூர்மையாக இருக்கும், வார்த்ததின் விளிம்பு மழுங்கி வழுக்கும். பழக்கமானால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அண்ணாச்சி அப்படித்தான் சொல்வார்.

விரலால் சுண்டினால் 'ணங்' என்று நீளமாக ஒலிக்கிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. 1670களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடியைச் செய்து காட்டினார். கனமும் ஒளியும் அந்த நீண்ட நாதமும் ஈயத்தால் வருபவை. ஆனால் குறுகிய கழுத்துள்ள தடித்த டிகான்டரை, அதாவது மது ஊற்றி வைக்கும் மூடிபோட்ட குடுவையைச் சுண்டினால் ஈயம் இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், வடிவம் நாதத்தை அமுக்கிவிடும். அகன்ற வாயுள்ள கிண்ணத்துக்கும் கோப்பைக்கும்தான் அந்தச் சோதனை பொருந்தும். கடையில் சுண்டுவதற்கு முன் கேட்டுவிட்டுச் சுண்டுங்கள்.

நிறத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் மனசு நிறையும், கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்தைக் கரைத்துக் கலந்து செய்யும் சிவப்பு ஒன்று உண்டு. உலையிலிருந்து வந்து முதலில் ஆறும்போது அது கிட்டத்தட்ட நிறமற்றிருக்கும். மறுபடி சூடாக்கும்போது உள்ளே தங்கம் நுண்ணிய துகள்களாகத் திரண்டு, மாதுளை முத்தின் செந்நிறம் வெளிப்படும். செம்பு தரும் சிவப்பு வேறு, சற்று ஆழமானது. மூன்றாவதாக, போஹீமியாவில் ஃபிரீட்ரிக் எகர்மன் 1830களில் பெயர் பெறச் செய்த முறை: நிறமற்ற கண்ணாடியின் மேல் செம்புச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் வைத்து, மேற்பரப்பில் மட்டும் சிவப்பை ஏற்றுவது. அந்தச் சிவப்பைச் சக்கரத்தால் செதுக்கினால் அடியில் வெள்ளைத் தெளிவு தெரியும். மானும் மரமும் கோட்டையும் செதுக்கிய சிவப்புக் கோப்பைகள் மும்பையின் பழைய வீடுகளிலிருந்து வருகின்றனவே, பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வாய் விளிம்பை. கண்ணாடி முழுக்கவே சிவப்பா, அல்லது தெளிந்த கண்ணாடியின் மேல் சிவப்பு ஒரு தடித்த அடுக்காகப் போர்த்தப்பட்டிருக்கிறதா, அல்லது மேலே தோல் மட்டும்தானா என்பது விளிம்பின் குறுக்குவெட்டில் தெரிந்துவிடும். போர்த்திய அடுக்கென்றால் செதுக்கிய இடத்தில் சிவப்புக்கும் தெளிவுக்கும் நடுவே ஒரு படி இருக்கும், நகம் அதில் மாட்டும். சூளையில் ஏறிய சிவப்பு நகத்தால் உரியாது. ஆனால் சமீபத்தில் அடித்த வார்னிஷ் சிவப்பு அடிவிளிம்பில், கைபடும் இடத்தில், உரிந்து கிளம்பியிருக்கும். அண்ணாச்சி எனக்குக் காட்டிய அந்த முதல் குடுவை எகர்மன் வழியில் வந்தது. அடிவிளிம்பில் மட்டும் தேய்ந்து, உள்ளே இருக்கும் தெளிந்த கண்ணாடி ஒரு மெல்லிய வளையமாகத் தெரிந்தது. அந்தத் தேய்மானமே எனக்கு அதை நம்பத் தகுந்ததாக்கியது. இன்று என் அலமாரியில் இருக்கிறது.

மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம் உண்டு, எலுமிச்சைத் தோல் பழுக்கும் பருவத்து நிறம். அதைப் பார்த்தால் யூவி (புற ஊதா) டார்ச்சை எடுங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி அந்த ஒளியில் பளீரென்று பச்சையாக ஒளிரும். போஹீமியாவில் யோசப் ரீடல் 1830களில் இதைப் பெரிய அளவில் செய்தார். மஞ்சளுக்கும் பச்சைக்கும் தன் மனைவி அன்னாவின் பெயரையே வைத்தார். டார்ச் லாமிங்டன் ரோட்டில் மலிவாகக் கிடைக்கும். 395 நானோமீட்டர் டார்ச் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்தே அடித்துக் குழப்பும், 365 வாங்குவது நல்லது. மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யுரேனியம் ராணுவத்துக்குப் போனதால் அமெரிக்காவில் இந்தக் கண்ணாடி நின்று, 1958-க்குப் பிறகு மறுபடி தொடங்கியது. இன்றும் செய்கிறார்கள். ஆகவே ஒளிர்ந்தாலே பழசு என்று முடிவு கட்டக் கூடாது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு இதில் பயமில்லை, ஆனால் நான் அதில் எதையும் ஊற்றிக் குடிப்பதில்லை.

அதே டார்ச் இன்னொரு உபகாரமும் செய்யும். உடைந்ததை ஒட்டிய பசை பெரும்பாலும் கண்ணாடியிலிருந்து வேறுபட்டு வெளுத்து ஒளிரும். கைப்பிடி சேருமிடம், தண்டு, மூடியின் கழுத்து ஆகிய இடங்களில் அடித்துப் பாருங்கள். விளிம்பு சிதறியதைத் தேய்த்துச் சமமாக்கியிருந்தால் டார்ச் காட்டாது, விரல் காட்டும். தீயில் மெருகேறிய வாய் உருண்டிருக்கும், பின்னால் தேய்த்த வாய் தட்டையாக, உள்விளிம்பில் கூர்மையாக இருக்கும்.

கையெழுத்துகளை நான் கடைசியில்தான் பார்க்கிறேன், பார்க்கச் சொல்வதும் அப்படியே. ஒரு கடையில் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு பூ ஜாடியைக் காட்டினார்கள், மேலே கொடியும் இலையுமாக வேலைப்பாடு, பக்கவாட்டில் 'காலே' என்ற கையெழுத்து. பிரான்சின் நான்சி நகரத்து எமில் காலே உலகின் பெரிய கண்ணாடிக் கலைஞர்களில் ஒருவர். வெவ்வேறு நிற அடுக்குகளைப் போர்த்தி, தேவையற்றதை அமிலத்தால் அரித்தெடுத்து, மிச்சத்தில் பூவையும் தும்பியையும் நிற்கவைத்தவர். 1904-ல் மறைந்தார். அதையடுத்த சில வருஷம் ஆலை அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டது. இன்று ருமேனியாவில் அதே பாணியில் செய்து, 'காலே' என்பதோடு 'டிப்' என்றும் பொறிக்கிறார்கள், காலே வகை என்று பொருள். செய்கிறவர்கள் ஒளிக்கவில்லை. ஆனால் கைமாறும் வழியில் யாரோ அந்த மூன்றெழுத்தைத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். நான் பார்த்த ஜாடியில் கையெழுத்துக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் சுற்றியிருந்த பரப்பைவிட வழவழப்பாக இருந்தது. இலைகளிலும் இரண்டே நிறம், விளிம்புகள் கத்தரித்து ஒட்டியது போலத் தட்டை. நல்ல காலே வேலையில் இலை நரம்பு தெரியும், நிறம் அடர்த்தியிலிருந்து மெல்ல மங்கும். கேட்ட விலை ஒரு குடும்பத்தின் வருஷச் செலவு. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். விற்றவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்து விற்றிருந்தால் அது பெரிய பாவம், செய்த ருமேனியக் கைகளுக்கும் சேர்த்துச் செய்த பாவம்.

இன்னொரு பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945-ல் மறைந்தார். அவர் இருந்தவரை 'ஆர். லாலிக்' என்று முதலெழுத்தோடு வந்தது, பிறகு அந்த 'ஆர்' போய்விட்டது. பின்னால் வந்த ஜாடிகளில் அந்த ஒரு எழுத்தைப் புதிதாகச் செதுக்கி விலை ஏற்றுவதும் நடக்கிறது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று அடியில் இருந்தால் அது 1918-க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது, அந்த நாடு பிறந்ததே அந்த வருஷம்தான். போஹீமியாவின் லேட்ஸ் ஆலையின் மயில் கழுத்து நிற ஜாடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. பெயர் இல்லாத நல்ல பொருளும், பெயர் உள்ள மோசமான பொருளும் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணம். மாதுங்காவில் பெரியம்மா வீட்டு ஷோகேஸில் ஒரு டம்ளர் செட் இருந்தது. மெல்லிய கண்ணாடி, தேன் நிறம், வெளிச்சம் படும் கோணத்தைப் பொறுத்து நீலமும் ஊதாவும் பச்சையும் மேலே ஓடும். "கல்யாணத்துக்கு வந்ததுடி, ரோஸ்மில்க் குடுப்போம்" என்றாள் பெரியம்மா. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஆங்கில எழுத்தில் 'ஜெயின்' என்று அச்சில் புடைத்திருந்தது.

இந்த மாதிரிக் கண்ணாடிக்கு உலகம் கார்னிவல் கிளாஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. அச்சில் வார்த்த கண்ணாடி சூடாக இருக்கும்போதே அதன் மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால், மேற்பரப்பில் மிக மெல்லிய ஒரு படலம் படியும். ஒளி அந்தப் படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும்போது நிறங்கள் பிரியும். டிஃபனி போன்ற கண்ணாடிக் கலைஞர்கள் பணக்காரர்களுக்காகச் செய்த மினுமினுப்பை, அமெரிக்காவின் ஃபென்டன் ஆலை 1907 வாக்கில் சாதாரண மக்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே மோகம் குறைந்தபின் வேறு நாடுகளில் தொடர்ந்தது. நம் நாட்டில் அதை அழகாகச் செய்தது ஃபிரோசாபாத். அங்கே 1928-ல் சதாமிலால் ஜெயின் தொடங்கிய ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் 1930களிலிருந்து இந்த வகையைச் செய்தது. டம்ளர், ஜாடி, தண்ணீர் செட் மட்டும் இல்லை. ஒரு கை பிடித்திருப்பது போன்ற பூக்குடுவை, யானை வடிவக் குடுவை, மீன் வடிவக் குடுவை என்று விதவிதமான உருவங்கள் அங்கே பிறந்தன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

சோர் பஜாரில் இதே பொருளை 'தேசி மால்', அதாவது உள்நாட்டுச் சரக்கு, என்று ஓர் ஓரத்தில் போட்டு வைத்திருப்பார்கள். பெல்ஜியம் என்று ஆயிரங்களில் விலை சொல்லும் கடையில் இது சில நூறுக்குக் கிடைக்கும். எனக்கு அது வேதனையாகவே இருக்கிறது. கண்ணாடி மெல்லியது, அச்சு சில இடங்களில் சரியாகச் சேரவில்லை, மேலே தெளித்த பூச்சு ஒரே சீராக இல்லை, எல்லாம் சரி. ஆனால் அந்த யானையின் தும்பிக்கையைப் பாருங்கள். அந்த அச்சை வெட்டியவர் கோயில் யானையையோ ஊர்வலத்து யானையையோ நேரில் பார்த்து வளர்ந்தவர் என்று தெரியும். இன்று அந்த ஆலை இல்லை. பழைய கட்டடங்கள் இடிய இடிய, ஷோகேஸ்கள் காலியாகக் காலியாக, இவை உடைசலாக எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ மினுமினுக்கும் பழைய டம்ளர் இருந்தால் தயவுசெய்து கவிழ்த்துப் பாருங்கள். எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடைக்குப் போடாதீர்கள்.

மஹாராஷ்டிரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மக்களிடம் ஆளுக்கு ஒரு பைசா என்று திரட்டிய நிதியில் 1908-ல் புணே பக்கத்துத் தளேகாவில் எழுந்தது பைசா ஃபண்ட் கண்ணாடி ஆலை. கராட் பக்கத்து ஓகலேவாடியில் செய்த பிரபாகர் அரிக்கேன் விளக்கின் சிம்னிகள் இன்றும் அண்ணாச்சி கிடங்குக்கு வருகின்றன. அலங்காரப் பொருள் இல்லைதான், ஆனாலும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ரசிப்பதற்கு வெளிச்சம் முக்கியம். நிறக் கண்ணாடியைப் பின்னாலிருந்து வரும் ஒளியிலும், மினுமினுக்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெயிலிலும் பார்க்க வேண்டும். ஷோகேஸ் உள்ளே வெள்ளை எல்.ஈ.டி. பட்டையை மேலிருந்து அடித்தால் எல்லாமே ஒரே மாதிரித் தட்டையாகிவிடும். கண்ணைப் பழக்க மும்பையிலேயே இடம் உண்டு. கொலாபாவில் ஆப்கான் சர்ச்சின் வண்ண ஜன்னல்கள் இங்கிலாந்தின் வில்லியம் வேல்ஸ் பட்டறையிலிருந்து வந்தவை, உள்ளே உட்கார்ந்தாலே நீலமும் சிவப்பும் எப்படி வெளிச்சத்தைக் கையாள்கின்றன என்று புரியும். ஹைதராபாத் போனால் சாலார் ஜங் மியூசியத்தில் போஹீமியா, வெனிஸ், பிரான்ஸ், இங்கிலாந்துக் கண்ணாடிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். நல்லதை நிறையப் பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.

மழைக்காலம் இங்கே கண்ணாடிக்கு எதிரி. சேர்மானம் சரியில்லாத பழைய கண்ணாடியிலிருந்து ஈரம் காரத்தை மெல்ல உறிஞ்சி வெளியே இழுக்கும். முதலில் மேற்பரப்பு வியர்த்து வழுவழுப்பாகும், பிறகு பனிபடர்ந்தது போல மங்கும், கடைசியில் நுண்ணிய விரிசல் வலை விழும். அது கழுவினால் போகாது. சென்னை போர்வெல் தண்ணீர் ஊற்றி வைத்த ஜாடியில் படியும் வெள்ளை உப்பு வேறு விஷயம், வினிகரில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும். இந்த இரண்டையும் கடையிலேயே பிரித்தறிய வேண்டும். ஏனென்றால் மங்கிய டிகான்டரின் உள்ளே எண்ணெய் தடவிவிட்டால், அல்லது தண்ணீர் நிரப்பிப் பூ செருகி வைத்துவிட்டால், மங்கல் மறைந்து புத்தம் புதிதாகத் தெரியும். உள்ளே மூக்கை வைத்து எண்ணெய் வாசம் வருகிறதா பாருங்கள். தண்ணீர் இருந்தால் கொட்டச் சொல்லி, காய்ந்தபின் பாருங்கள்.

டிகான்டருக்கு இன்னொரு ரகசியம்: மூடியை அதன் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள் என்பதால், பழைய நல்ல பொருட்களில் மூடியின் அடியிலும் கழுத்திலும் ஒரே எண்ணைச் சிறிதாகக் கீறி வைத்திருப்பார்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் ஜோடி பிரியாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றித் தனியே வையுங்கள், மழைக்காலத்தில் இறுகிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. ஈயக் கண்ணாடியில் எந்தப் பானத்தையும் நாள்கணக்கில் ஊற்றி வைக்காதீர்கள், ஈயம் கரைந்து இறங்கும். கழுவும்போது சிங்க்கில் ஒரு துண்டை விரித்து, மோதிரம் வளையலைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போட்டால் போதும். கொதிநீர் ஆகவே ஆகாது.

சோர் பஜார் போகிறவர்களுக்கு: மட்டன் ஸ்ட்ரீட் கடைகள் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்று விடிகாலையில் தெருவோரச் சந்தை மட்டும் கூடும். ஹார்பர் லைனில் வருகிறவர்கள் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடந்துவிடலாம். பகல் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள், டியூப்லைட்டில் நிறத்தை நம்பாதீர்கள். பொருளைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் சரி என்பார். லூப், டார்ச், ஈரத்துணி மூன்றும் பையில் இருக்கட்டும்.

அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பழைய விளக்கையோ ஜாடியையோ கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளைத் தனி மனிதர்கள் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக முடியாது. அவ்வளவு வயது ஆகாத, ஆனால் பழசாகத் தெரியும் பொருளுக்கு, அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பெரியம்மாவின் டம்ளர்களை நியூ ஜெர்சியில் இருக்கும் அவள் பேத்தி கேட்டிருக்கிறாள். அந்தச் சான்றுக்கு எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறோம், அடிப்பக்கத்தையும் சேர்த்து.